உக்கிப்போன 11 அங்குலம்: கனூ விளிம்பு நாட்குறிப்பு

மே 4, 2024, டொராண்டோ

16 அடி ராயலெக்ஸ் கனூ. கனூ என்பது துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு, ராயலெக்ஸ் அதன் ஓட்டுக்கான பல அடுக்கு பிளாஸ்டிக். ஓட்டில் கீறல் தவிர வேறு குறையில்லை. விளிம்புதான் போய்விட்டது. உள்ளே ஒரு ஆஷ் மரச் சட்டம், வெளியே ஒன்று, நடுவில் ஓடு. உள்ளிருந்து முடுக்கிய பித்தளைத் திருகாணிகள்தான் மூன்றையும் சேர்த்துப் பிடிக்கின்றன. ராயலெக்ஸ் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. மரம் உக்கியதற்காக இந்த ஓட்டைக் கழித்துவிட மனம் வராது.

குத்தூசியால் 2 அங்குலத்துக்கு ஒரு குத்து. சாம்பல் நிறம் வெயிலின் வேலை, கறுப்புத் திட்டு பூஞ்சணம். ஊசி இறங்காதவரை இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். அணியத்தில் (படகின் முன்முனை) இடப்பக்க வெளிச்சட்டத்தில் மட்டும், தேநீரில் நனைத்த ரஸ்க் மாதிரி, கால் அங்குலம் இறங்கியது. நுனியிலிருந்து 11 அங்குலம் வரை அப்படித்தான். கனூவைப் புல்தரையில் கவிழ்த்து வைத்தால் மண்ணைத் தொடுவது சட்டத்தின் நுனிதான். வெட்டுமுகம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மே 5

வெளிச்சட்டம் முழுவதையும் கழற்றியாயிற்று. அசையாத திருகாணிகளின் தலையில் பற்றாசுக்கோலை அரை நிமிடம் வைத்தால் பிடி விடும். அதற்குமேல் வைத்தால் ஓடு இளகும்.

கணக்கு: உக்கியது 11, நல்ல மரத்துக்குள் இன்னும் 3, ஒட்டுச் சரிவுக்கு (பழையதும் புதியதும் சரிவாக இழைத்து ஒட்டும் இடம்) 6. மொத்தம் 20 அங்குலம். புதுத் துண்டு 30 அங்குலமாக இருக்கட்டும். குட்டைத் துண்டு வளைக்கப் பிடி கொடுக்காது.

மே 11

காற்றில் உலர்ந்த ஆஷ்தான் வேண்டும். வளைக்க மரத்தை நீராவியில் வேகவைக்க வேண்டும், சூளையில் உலர்த்தியது நீராவியிலும் முறியக்கூடும். மர ரேகை பலகையின் விளிம்பை விட்டு வெளியே ஓடும் பலகையை வாங்கவே கூடாது, சிலாம்பு கிளம்பும்.

அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் நீராவி என்பது பழைய கணக்கு. நம் சட்டம் 5/8 அங்குலம், ஆகவே 40 நிமிடம். வெளியே எடுத்ததும் சில நொடிகளுக்குள் அச்சில் இறுக்கிவிட வேண்டும். கொதிக்கும் மரத்தைக் கனூமேலேயே வைத்து வளைப்பவர்கள் உண்டு. ராயலெக்ஸில் அது கூடாது, ஓடு நெளியும். ப்ளைவுட்டில் அச்சு வெட்டுங்கள், தேவையைவிடக் கொஞ்சம் கூடுதல் வளைவோடு. விட்டதும் மரம் சற்றே நிமிரும்.

மே 18

ஒரு வாரம் அச்சிலேயே காய்ந்தது. ஈர மரத்தில் எபாக்ஸிப் பசை பிடிக்காது.

சட்டத்தின் உயரம் 3/4 அங்குலம். எட்டுக்கு ஒன்று சரிவு என்றால் 6 அங்குலம். பழைய சட்டத்தையும் புதுத் துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக, 6 அங்குலம் பின்தள்ளி இறுக்கி, இரண்டையும் ஒரே வீச்சில் இழைத்தால் கோணம் தானாகப் பொருந்தும். தனித்தனியாக இழைத்தால் வெளிச்சம் தெரியும்.

இரவில் குளிர் இருப்பதால் வெஸ்ட் சிஸ்டம் 105 எபாக்ஸியுடன், சீக்கிரம் இறுக வைக்கும் 205 ஹார்டனர், 5 பங்குக்கு 1 பங்கு. முதலில் வெறும் பசையை இரு முகத்திலும் தடவி மரம் குடிக்க விடவேண்டும். பிறகு சிலிக்காத் தூள் கலந்து வெண்ணெய்ப் பதத்தில் ஒரு பூச்சு. கிளாம்பைப் பலங்கொண்ட மட்டும் இறுக்குவதுதான் வழக்கமான தவறு: பசை முழுக்க வெளியே வந்து இணைப்பு பட்டினி கிடக்கும். ஓரத்தில் மணிமணியாகப் பிதுங்கினால் போதும்.

ஜூன் 1

காய்ந்த எபாக்ஸிமேல் மெழுகு மாதிரி ஒரு படலம். தண்ணீரால் கழுவிய பிறகே உப்புத்தாள். பிறகு ஆளிவிதை எண்ணெய் மூன்று பூச்சு. வார்னிஷ் ஒரு கீறல் பட்டாலே தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டிவிடும். எண்ணெய்க்கு வருடாவருடம் மேலே தடவினால் சரி. ஓட்டைத் தொடும் முகத்தையும் வெட்டுமுகத்தையும் விட்டுவிடாதீர்கள், ஈரம் தங்குவது அங்கேதான். எண்ணெய்த் துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகத் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

ஜூன் 8

பொருத்தியாயிற்று. 8ஆம் எண், 1 1/4 அங்குலத் திருகாணி. பித்தளை மென்மையானது, ஆஷில் நேரே முடுக்கினால் தலை முறியும். துளையிட்டு, அதே அளவு இரும்புத் திருகாணியை ஒருமுறை ஓட்டி எடுத்துவிட்டு, பித்தளையில் மெழுகு தடவி முடுக்கவேண்டும். சவர்க்காரம் வேண்டாம், ஈரம் இழுக்கும். சரிவின் மெல்லிய நுனியில் திருகாணியே கூடாது.

நவம்பர் 9

இரு முனைகளிலும், பக்கத்துக்கு 5 திருகாணி வீதம், 20ஐயும் கழற்றி ஒரு டப்பாவில் போட்டாயிற்று. குளிரில் ராயலெக்ஸ் மரத்தைவிடப் பன்மடங்கு சுருங்கும். திருகாணி விடாமல் பிடித்தால் ஓடு துளையிலிருந்து கீழ்நோக்கி வெடிக்கும். கனூ இப்போது மரக்குதிரைமேல் கவிழ்ந்திருக்கிறது, நுனி தரையிலிருந்து 2 அடி உயரத்தில்.