சில்லு வைத்த வீடு

யூலை 19
கரவன் வந்துவிட்டது. உழவு இயந்திரம் இழுத்துக்கொண்டு ஒழுங்கைக்குள் திரும்பியபோது அயலவர்கள் எல்லோரும் படலையில் நின்றார்கள். வீதி வேலைக்காரர்கள் தங்கிக் கழித்துவிட்ட இரும்பு அறை. பதினான்கு அடி நீளம், ஏழு அடி அகலம். வயாவிளானில் 1990இல் விட்டுவந்த காணி திரும்பக் கிடைத்ததும் இதை இழுத்துப்போய் அங்கே குடியிருக்க எண்ணம். உள்ளே டீசல் மணம். சுவரில் பென்சிலால் சிங்களத்தில் எழுதிய சீமெந்துக் கணக்கு. என் கணவர் கதவைத் திறந்து மூடி, மறுபடியும் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டேயிருந்தார். மாமி வெளியே வரவில்லை.

யூலை 20
மாமி இன்றும் வரவில்லை.

யூலை 26
கறள் சுரண்டுகிறோம். கீழ்ச்சட்டம் முழுவதும் கறள். பார்வைக்கு நன்றாக இருக்கும் இடத்தில் சுத்தியலால் மெல்லத் தட்டினால் பெயின்ட் செதிலாகக் கழன்று விழுகிறது, அதற்குக் கீழே இரும்பு பொருக்காகி நிற்கிறது. இதைச் சுரண்டாமல் மேலே பூசினால் ஒரு மாரிக்குள் எல்லாம் பொருமி எழும்பிவிடும். கம்பித் தூரிகை, மட்டத்தாள், பிறகு கறள் தடுக்கும் சிவப்புப் பூச்சு. டிங்கரிங் அண்ணை மூன்று இடத்தில் தகரம் வெட்டி ஒட்டித் தந்தார். கூலியைப் பாதியாக எடுத்துக்கொண்டு, "காணிக்குப் போகும்போது சொல்லுங்கோ, நானும் வந்து பார்க்கவேண்டும்" என்றார். அவருடைய தாய்வழிக் காணியும் அந்தப் பக்கம்தான்.

சீட்டுக் காசு இரண்டு இலட்சம் மட்டும்தான் எங்கள் கணக்கு. அதற்கு மேல் ஒரு சதமும் கடன் வாங்குவதில்லை என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.

ஓகஸ்ட் 6
நல்லூரில் திருவிழா. வெயில் உச்சியில் நிற்கும் நேரத்தில் கரவனுக்குள் கால் வைக்க முடியவில்லை. சுவரைத் தொட்டால் கை சுடுகிறது. இதற்குள் மாமியை எப்படி இருத்துவது?

கூரைக்கு வெள்ளை பூசுவது என்று முடிவு. உட்சுவரில் சட்டங்களுக்கு இடையே றெஜிபோம், அந்த வெள்ளை நுரைப்பலகை, வெட்டி வைக்கவேண்டும். தின்னர் மணக்கும் பசைகள் றெஜிபோமைக் கரைத்துவிடும் என்பதால் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசைதான் வாங்கினோம். அதன்மேல் மெல்லிய ஒட்டுப்பலகை. றெஜிபோமை வெறுமனே விடக்கூடாது, நெருப்புப் பட்டால் கருகி விஷப்புகை கக்கும்.

பூச்சுக்கு முன்னர் இருவரும் கூரையில் ஏறிக் கழுவினோம். வடிந்த தண்ணீர் முழுவதும் செம்மண். எங்கள் ஊர்ப்பக்கத்து மண்ணும் இதே நிறம்தான் என்று அவர் சொன்னார். நான்கு வயதில் பார்த்தது. 1990 ஆனிக்குப் பிறகு அவர் அந்த மண்ணை மிதிக்கவில்லை.

ஓகஸ்ட் 9
பச்சை. எந்தப் பச்சை?

ஓகஸ்ட் 10
நேற்று முழுவதும் இதே யோசனை. வயாவிளான் வீட்டின் முன்கதவு பச்சை என்று மாமி சொல்லியிருக்கிறார். அந்த வீடு இப்போது இல்லை, அத்திவாரம் கூட இருக்குமோ தெரியாது. இந்தக் கதவாவது அந்த நிறத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். நிற அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். மாமி கண்ணாடியைப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது இல்லைப் பிள்ளை. இதுவும் இல்லை. அது கொஞ்சம் கறுத்திருக்கும்." வெற்றிலையா என்றால் இல்லை, மாவிலையா என்றால் இல்லை.

கடையில் யாரோ கலக்கச் சொல்லி எடுக்காமல் விட்ட நீலப் பெயின்ட் நான்கு லீற்றர் அரை விலைக்கு இருக்கிறது. அவர் அதை வாங்கலாம் என்கிறார். "நீர் சொல்லும் பச்சையைக் கலக்கிப் பார்க்கவே காசு போய்விடும்" என்றார். நியாயம்தான். ஆனாலும் நீலம் வேண்டாம்.

ஓகஸ்ட் 23
அலுவலகத்துக்குப் போய் வந்தோம். திருப்பித் தரும் காணிகளின் பட்டியலில் பெயர் இருக்கிறது, எங்கள் காணித் துண்டு இருக்கும் பகுதி இல்லை. நல்லூருக்குப் பிறகு என்றார்கள். போன முறை சித்திரைக்குப் பிறகு என்றார்கள்.

ஓகஸ்ட் 24
ஒன்றும் செய்யவில்லை. அவரும் கரவன் பக்கம் போகவில்லை.

செப்டெம்பர் 5
கட்டில் முடிந்தது. பின்பக்கம் குறுக்கே, சுவரிலிருந்து சுவர் வரை. கீழே பெட்டி, மேலே மூடி, அரிசியும் உடுப்பும் உள்ளே. பழைய பள்ளிக்கூட வாங்குப் பலகை ஏலத்தில் எடுத்தது. சீவியபோது உள்ளே தேக்கு! அவர் உள்ளங்கையால் தடவித் தடவி மகிழ்ந்தார். மேசை சுவரோடு மடியும். இரண்டு கதிரை வைக்க இடமில்லை, ஒரு கதிரையும் கட்டில் விளிம்பும் போதும்.

தண்ணீர்ப் பீப்பாயைச் சில்லுக்கு நேர் மேலே வைக்கச் சொன்னார். பின்பக்கம் பாரம் கூடினால் இழுக்கும்போது வால் ஆட்டும். அழகுக்காக நான் கேட்ட இடம் பின்மூலை. விட்டுக்கொடுத்தேன். காஸ் சிலிண்டர் வைக்கும் தட்டின் அடியில், தரையை ஒட்டித் துளை போட்டிருக்கிறார். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் கீழேதான் தேங்கும். மேலே யன்னல் திறந்திருந்தும் பயனில்லை.

செப்டெம்பர் 14
சுன்னாகம் சந்தையில் பனையோலைப் பாய்கள். ஓரத்தில் சிவப்புச் சாயம் போட்ட ஓலை ஓடியவை, பின்னல் நெருக்கம், தட்டினால் மொறுமொறுவென்று சத்தம். கட்டிலுக்கு மேலுள்ள சுவருக்கு மட்டும் எடுத்தேன், அடுப்புப் பக்கம் ஓலை கூடாது. வெயிலில் காயவைத்து, பின்புறம் வேப்பெண்ணெய் தடவி, மெல்லிய சிலாகை வைத்து ஆணி அடித்தோம். இரவு ஒரு சிறிய எல்ஈடி விளக்கை ஏற்றினால் பாயின் முடிச்சுகள் எல்லாம் நிழலாக விழுகின்றன. இவ்வளவு வடிவான சுவர் இதுவரை நாங்கள் இருந்த எந்த வாடகை வீட்டிலும் எனக்குக் கிடைத்ததில்லை. வாடகை வீட்டில் ஓர் ஆணி அடிக்கவே கேட்கவேண்டும்.

செப்டெம்பர் 16
திரைச்சீலைக்கு மாமி தன் பழைய நூல் சேலை இரண்டைத் தந்தார். கேட்காமலே தந்தார். கரவனுக்குள் மட்டும் இன்னும் ஏறவில்லை.

செப்டெம்பர் 28
கனடாவிலிருந்து சித்தப்பா பேசினார். முன்கதவு பச்சையே இல்லையாம். வெறும் மரம், வார்னிஷ் பூசியது. பச்சை யன்னல்கள்தானாம். மாமி தொலைபேசியைப் பறித்து, "நீ சின்னப் பெடியன், உனக்கு என்ன தெரியும்" என்று அதட்டினார். பிறகு வெகுநேரம் பேசாமலிருந்தார். மத்தியானம் சோறும் அளைந்துவிட்டு எழும்பினார். நான் அந்தக் கேள்வியைக் கிளறியிருக்கவேண்டியதில்லையோ என்று மனம் அடித்துக்கொள்கிறது.

ஒக்டோபர் 2
மாமியே வந்து சொன்னார்: "யன்னலுக்கும் அடி பிள்ளை, கதவுக்கும் அடி."

கடும் பச்சையில் கொஞ்சம் கறுப்பு. கலக்கிய கடைப் பெடியன் பொறுமைசாலி. ஒரு லீற்றர் போதுமாக இருந்தது.

ஒக்டோபர் 17
மழை. காற்றுப்போக்கித் துவாரத்தின் ஓரத்தால் ஒழுகி, பாய்ச் சுவரில் கோடாக இறங்கியது. அவர் நனைந்துகொண்டே மேலே ஏறினார். நான் தறப்பாளை எடுத்துவர ஓடினேன், பக்கத்து வீட்டில் இருந்தது. விரித்துப் போடப் போகையில் மாமி விறாந்தையிலிருந்து கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டதில்லை. "தறப்பாள் போடாதே! எத்தனை வருஷம் அதுக்குக் கீழே கிடந்தோம்! ஒழுகினால் ஒழுகட்டும்!"

போடவில்லை. சட்டி வைத்தோம். விடியும்வரை அவர் சட்டியை மாற்றி மாற்றி வெளியே ஊற்றினார். எனக்கு மாமியின் மேல் துளியும் கோபம் வரவில்லை.

ஒக்டோபர் 19
வெயில். தாரும் துணியுமாக மூட்டு இடுக்கை அடைத்து, மேலே கிடுகு வேய்ந்தோம், இடையில் ஒரு சாண் இடைவெளி விட்டு. மழைக்கும் ஆயிற்று, வெக்கைக்கும் ஆயிற்று. இழுத்துப்போகும் நாளில் கழற்றிக் கட்டிக்கொண்டு போகலாம். கிடுகை மாமிதான் தெரிந்து பொறுக்கினார். பாதியைக் கழித்துவிட்டார்.

ஒக்டோபர் 25
பலாலியிலிருந்து எழும்பும் விமானம் காணிக்கு மேலால்தான் போகும் என்று அவர் சொல்கிறார். சத்தம் கேட்டால் வேலையை விட்டு நிமிர்ந்து பார்க்கிறார். ஒவ்வொரு முறையும்.

ஒக்டோபர் 30
பற்றரி வந்தது. பழையது, ஆனால் நன்றாக நிற்கிறது. பாதிக்குக் கீழே இறங்கவிட்டால் கெதியில் செத்துவிடும், அதனால் விளக்கும் சிறிய மின்விசிறியும் மட்டும். காசு முடிந்துவிட்டது. அலுமாரிக்குக் கதவு இல்லை, துணி தொங்குகிறது. அப்படியே இருக்கட்டும்.

நவம்பர் 4
அழைத்தார்கள். திங்கள் காலை ஒன்பது மணி, வேலியருகே. காணி உறுதியின் பிரதி, அடையாள அட்டை, குடும்ப அட்டை. எங்கள் துண்டு உண்டா என்று கேட்டதற்கு வந்து பாருங்கள் என்றார்கள். அவர் சில்லுக்குக் காற்று அடிக்கப் போய்விட்டார். உழவு இயந்திரக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. உறுதி மாமியின் ட்ரங்குப் பெட்டியில், திறப்பு