ரெண்டு பேரையும் ஒண்ணா போட்டுறாதீங்க

"பையன போடுங்க சார், நான் வெளிய உக்காருதேன். ஆனா ரெண்டு பேரையும் ஒண்ணா போட்டுறாதீங்க."

கொல்லத்துக்கு ஆடக் கிளம்பும்போது எங்கள் ஹாக்கி அணியின் மூத்த ஃபுல் பேக், கோலுக்கு முன்னால் நிற்கும் கடைசித் தடுப்பாளர், பயிற்சியாளனான என்னிடம் சொன்னது அவ்வளவுதான். அவருக்கு 34 வயது. அவர் சொன்ன பையன்கள் ரெண்டு பேருக்கும் 18, 19. ரெண்டு பேரையும் ஒன்றாகத்தான் இறக்கினேன்.

காரணம் இல்லாமல் செய்யவில்லை. செங்கோட்டையில் நாம் ஆடுவது செம்மண். பந்து துள்ளும் என்பதால் ஸ்டிக்கை நிமிர்த்திப் பிடித்தே நிறுத்தப் பழகியிருப்போம். தண்ணீர் விட்ட டர்ஃபில், அதாவது செயற்கைப் புல் தரையில், பந்து துள்ளாது, வழுக்கிக்கொண்டு வரும். முட்டியை மடக்கி, இடுப்பை இறக்கி, ஸ்டிக்கைத் தரையோடு படுக்க வைக்க வேண்டும். மண்ணிலேயே பதினைந்து வருடம் ஆடிய உடம்பு அதற்கு லேசில் இறங்காது. பையன்களுக்குச் சில வாரத்தில் வந்துவிட்டது. புதிதாகக் கட்டும் அணிக்கு இது போதும் என்று நினைத்தேன்.

போதவில்லை. எதிரி பந்தோடு வரும்போது கோல் இருக்கும் பக்கத்தை மறைத்து நின்று, அவனை ஓரக்கோட்டுக்குத் தள்ள வேண்டும். கால் பின்னால் நகர்ந்துகொண்டே இருக்க, ஸ்டிக்கால் பந்தை ஒரு குத்துக் குத்தி உடனே ஸ்டிக்கை இழுத்துக்கொள்ள வேண்டும். ஹாஃப், அதாவது நடுவரிசை ஆட்டக்காரர், திரும்பி வரும்வரை நேரம் வாங்குவதுதான் அங்கே வேலை. பையன்களில் ஒருவனோ முன்காலில் முழு எடையையும் போட்டுக் குத்தினான். எதிரி பந்தை ஸ்டிக்குக்கு மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டான். பையன் துரத்திப்போய்ப் பின்னாலிருந்து ஸ்டிக்கைப் போட்டான். 23 மீட்டர் கோட்டுக்குள் வேண்டுமென்றே செய்த ஃபவுல் என்றால், கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டமான டி-க்கு வெளியே நடந்தாலும் எதிரணிக்குப் பெனால்டி கார்னர்தான். இதற்குள் இன்னொரு பையன் தன் ஆளை விட்டுவிட்டுப் பந்தைப் பார்த்து ஓடியிருந்தான். "விடு, வெளிய தள்ளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்திருக்க வேண்டும். ரெண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

கார்னரிலும் அதே கதை. கோல்கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறோம். கோலுக்கு அடிப்பவனை மறிக்க முதலில் ஓடும் ரஷ்ஷர், கீப்பரின் பார்வையை மறைக்காத தடத்தில் ஓட வேண்டும். இவன் நடுவில் ஓடினான். கீப்பர் பந்தைப் பார்க்கும்போது அது வலைக்குள் இருந்தது.

மூத்தவர்களையே நம்பினாலும் ஆபத்து உண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-வது நிமிடத்திலேயே இந்தியத் தடுப்பாளர் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி நேரம் முழுக்கப் பத்துப் பேர் 1-1 என்று தாங்கினார்கள், ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். கோலில் 36 வயது ஸ்ரீஜேஷ். ஆனால் அரையிறுதியில் ரோஹிதாஸ் இல்லை, முதல் ரஷ்ஷர் இல்லை. ஜெர்மனியிடம் 2-3 என்று தோல்வி. அனுபவசாலி ஒருவர் மேல் ஏற்றிவைத்த வேலையை இன்னொருவன் கற்காமல் இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். எங்கள் மூத்தவர் களத்தில் இருந்தால் பையன்கள் ஒவ்வொரு பந்துக்கும் அவர் முகத்தைப் பார்ப்பார்கள், தாங்களாகப் பேசவே மாட்டார்கள்.

இது உண்மைதானா? ஆட்டம் 15 நிமிடம் வீதம் நான்கு குவார்ட்டர், எத்தனை முறை வேண்டுமானாலும் ஆள் மாற்றலாம். குவார்ட்டருக்கு ஏழு நிமிடம் அவரை ஒரு பையன் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் அவர் முட்டியும் தாங்கியிருக்கும், குரலும் கிடைத்திருக்கும். அவர் கேட்டதும் அதைத்தான். எனக்கு அது தெரியாதது இல்லை. அவரை முழுதாக உட்கார வைத்தால்தான் இது புது அணி என்று ஊருக்குத் தெரியும் என்று நினைத்தேனோ என்னவோ.

இப்போது அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் பின்னாலிருந்து கத்துகிறான். "விடுலே, வெளிய தள்ளு." வார்த்தை அவருடையது. அன்று தோற்றதால் வந்ததா, மண் தரையில் அவரோடு நின்ற மாலைகளால் வந்ததா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அடுத்து கோவில்பட்டி டர்ஃபில் ஆட்டம். பின்வரிசைக்கு மூன்று பெயர் எழுதியிருக்கிறேன். அவரிடம் இன்னும் பேசவில்லை.