தியென் டியென்னில் ஒரு கை கஞ்சி

ஹனோயில் எங்கள் வீட்டுக்குக் கீழே குடியிருக்கும் பாட்டிக்கு வயது 78. பாட்டியை வியட்நாமியில் 'பா' என்பார்கள்; நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் என்னைக் 'கோன்' என்பார், பிள்ளை என்று அர்த்தம். போன வருஷம் அவர்களுடைய சந்திரக் கணக்கில் ஏழாம் மாதம் பிறந்ததும் மாடியேறி வந்து, "கூவைப் பார்க்க ஊருக்குப் போறேன். நீயும் வா" என்றார்.

'கூ' என்றால் கொள்ளுத் தாத்தா. பா சொன்னது 1820-ல் காலமான கவிஞர் நுயென் ஸூவை. அந்த நாட்டில் படித்தவர், படிக்காதவர் எல்லோருமே அவரைக் குடும்பத்துப் பெரியவராக நினைத்து அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஏழாம் மாதம் அங்கே ஆவிகளின் மாதம். சொந்த முன்னோருக்குப் படைப்பதோடு நிற்க மாட்டார்கள். படையல் வைக்க யாருமில்லாமல் அலைகிற ஆத்மாக்களுக்கும் வாசலில் தண்ணீராகக் கஞ்சி காய்ச்சி வைப்பார்கள், அரிசியும் உப்பும் கலந்து இறைப்பார்கள். அந்த அநாதை ஆத்மாக்களை அழைக்க நுயென் ஸூ 184 அடிகளில் ஓர் இரங்கற்பா எழுதியிருக்கிறார். உலகம் அவரைக் கொண்டாடுவது 3254 அடிகள் கொண்ட 'கியெவ் காதை'க்காக. பாவுக்கு அந்தச் சின்னப் பாட்டுதான் பெரிது. வருஷா வருஷம் அதை அவர் சமாதியில் சொல்லிவிட்டு வருகிறார்.

இரவு ரயிலில் கிளம்பினோம், நான், பா, பாவின் பேத்தி மூவரும். எனக்குத் தெரிந்த வியட்நாமி சந்தைக்குப் போய்வர மட்டும்தான் போதும். பாட்டுக்கு அர்த்தம் சொல்லப் பேத்தி இருந்தாள். வின் நகரம் 319 கிலோமீட்டர். விடியற்காலையில் இறங்கி, பென் துய் பாலத்தில் லாம் ஆற்றைத் தாண்டினால் ஹா தின் மாகாணம். வலப்பக்கம் ஹோங் லின் மலைத்தொடர். 99 சிகரங்கள் என்பது ஊர்வழக்கு. அந்த மலையடிவாரத்துக்கும் கடலுக்கும் நடுவில் கூவின் ஊரான தியென் டியென்.

இறங்கியதுமே அனல். மேற்கே மலைத்தொடரைத் தாண்டி வரும்போது ஈரமெல்லாம் உலர்ந்து, வெறும் சூடாக இறங்குகிற காற்று அது. லாவோஸ் காற்று என்கிறார்கள். "ஏழாம் மாதம், விடாத தூறல், காய்ந்த எலும்பையும் குளிர் குத்துகிறது" என்றுதான் அந்த இரங்கற்பா தொடங்குகிறது. எங்களுக்குத் தூறலும் இல்லை, குளிரும் இல்லை. பா முந்தானை போல ஒரு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.

நினைவிடம் முழுவதும் ஒரே வளாகம் இல்லை. அருங்காட்சியகம், சிலை, குடும்பத்தாரின் பழைய கோயில்கள் ஒரு பக்கம். சமாதி சற்றுத் தள்ளி. அருங்காட்சியகத்தில் காதையின் மொழிபெயர்ப்புகள் வரிசையாக இருந்தன. பார்த்தோம், வந்தோம். கோயிலில்தான் நான் நின்றுவிட்டேன். ஒரு கவிஞரின் பெயருக்கு முன்னால் ஊதுபத்திச் சட்டி, பழத்தட்டு, எண்ணெய் விளக்கு. ஸ்கூட்டரில் வந்த ஒரு பெண் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மூன்று ஊதுபத்தியை நெற்றிக்கு நேரே பிடித்து மூன்று முறை குனிந்தாள். அப்புறம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனாள்.

காதையின் கதை இதுதான்: தகப்பனையும் தம்பியையும் மீட்கத் தன்னையே விற்றுக்கொள்கிறாள் கியெவ் என்ற பெண். பதினைந்து வருஷம் படாத பாடு படுகிறாள். மூலக்கதை சீனத்து உரைநடை நாவல். நுயென் ஸூ அதைத் தம் மக்களின் பேச்சில், ஆறு அசை ஓரடி, எட்டு அசை ஓரடி என்று மாறிமாறி வரும் நாட்டுப்பாடல் யாப்பில் கட்டினார். ஆறாம் அசையின் இயைபு அடுத்த அடியின் ஆறாம் அசையில் விழும். அந்த அடியின் எட்டாம் அசை அதற்கடுத்த அடிக்கு இயைபைக் கொடுத்துவிட்டுப் போகும். சங்கிலி மாதிரி ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். அதனால்தான் எழுத்தறியாத பாட்டிமார்கூட நூற்றுக்கணக்கான அடிகளைத் தாலாட்டாக வைத்திருந்தார்கள். குறி பார்ப்பதும் அந்தப் புத்தகத்தில்தான். கையில் எடுத்து, "தூ ஹாய் அரசே, கியாக் ஸுயென் துறவியே, துய் கியெவ் தேவதையே" என்று கும்பிட்டுவிட்டு ஏதோ ஒரு பக்கத்தைப் பிரிப்பார்கள். மூவருமே கதாபாத்திரங்கள்! கவிதையிலிருந்து எழுந்து வந்து தெய்வமாகிவிட்டார்கள். எனக்கு அது கொஞ்சமும் விசித்திரமாகப் படவில்லை.

இவ்வளவு இரக்கம் இந்த மனிதருக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்தபடியே சமாதிக்கு நடந்தேன். பெரிய மந்திரி வீட்டுப் பிள்ளை. பதின்மூன்று வயதுக்குள் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அப்புறம் 'தாய் ஸோன்' என்ற எழுச்சியில் பழைய ஆட்சியே கவிழ்ந்து, இளமையில் பத்து வருஷம் ஒண்டுக்குடித்தனமும் நோயுமாக அலைந்தார். 'காற்றும் புழுதியுமான பத்து வருஷம்' என்று அதற்குப் பெயரே இருக்கிறது. 1802-ல் புதிய அரசில் பதவி, 1813-ல் சீனாவுக்குத் தூதர். இரண்டாவது முறை தூது கிளம்பும் முன் 1820-ல் ஹுவே நகரத்தில் கொள்ளைநோய் வந்தது. மருந்து வேண்டாம் என்றாராம். கை கால் தொட்டுப் பார்க்கச் சொன்னார், சில்லிட்டுவிட்டது என்றார்கள், "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். அங்கேயே புதைத்தார்கள். 1824-ல்தான் எலும்புகளைச் சொந்த ஊருக்குக் கொண்டு வந்தார்கள்.

இளம் வயதில் செத்துப்போன ஒரு சீனத்துப் பெண் கவிஞரைப் பற்றி எழுதும்போது அவர் கேட்டிருக்கிறார்: "முன்னூறு வருஷம் கழித்து இந்த உலகத்தில் யார் தோ நூவுக்காக அழுவார்?" தோ நூ அவருடைய மறுபெயர்.

சமாதியில் அந்த நேரத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. பா முதலில் கூவுக்கு மூன்று ஊதுபத்தி ஏற்றினார். காற்று இரண்டு தீக்குச்சியை அணைத்துவிட்டது. மூன்றாவதை உள்ளங்கைக்குள் பொத்தி, முகத்தையே மறைப்பாகக் குனிந்து பற்றவைத்தார். அப்புறம் வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தார். தூக்குப்பாத்திரத்தில் கஞ்சி, ஒரு பையில் அரிசியும் உப்பும், ஒரு கட்டு ஆலிலை. இலையைக் கூம்பாக மடித்து மணலில் குத்தி நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கை கஞ்சி ஊற்றினார். பிறகு மனப்பாடமாகச் சொல்ல ஆரம்பித்தார். அதைப் பாட்டு என்பதா, ஒப்பாரி என்பதா தெரியவில்லை.

அமைச்சர்கள், தளபதிகள், கடலில் போன வியாபாரிகள், உடலை விற்றுப் பிழைத்தவர்கள், பிச்சைக்காரர்கள், சிறையில் செத்தவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயரில்லாமல் அழைத்துக்கொண்டே போகிறது அது. படைக்குப் பிடித்துப் போகப்பட்டவர்களின் முறை வந்ததும் பாவின் குரல் மெதுவானது. ஓடைத் தண்ணீர், மூங்கில் குழாய்ச் சோறு, ஆயிரம் காத வழி. போரில் மனித உயிர் குப்பை. 1968-ல் பத்தொன்பது வயதில் போருக்குத் தெற்கே போன பாவின் தம்பியின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஒரு இலைக் கஞ்சியை மட்டும் சற்றுத் தள்ளி, தனியாக வைத்தார்.

கடைசிப் பகுதியில் கைக்குழந்தைகள் வருகிறார்கள். பிறந்த நேரம் தப்பி, தாயை விட்டு, தகப்பனை விட்டுப் போனவை. "தூக்கி வைத்துக்கொள்ள யார் இருக்கிறார்கள்" என்று பேத்தி என் காதில் சொன்னாள்.

எனக்கு முதல் குழந்தை ஒரு நாள் இருந்தது. சின்னஞ்சிறுசுக்குத் திதி கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். பதினோரு வருஷமாக நானும் எங்கேயும் எதுவும் வைத்ததில்லை, யாரிடமும் பேசியதும் இல்லை. "பா, அதை இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. முதல் அடியிலிருந்து திரும்பச் சொன்னார். சொல்லிக்கொண்டே இன்னொரு இலையை மடித்து என் கையில் கொடுத்தார். நானே ஊற்றினேன். கை நடுங்கி, பாதி மணலில் போயிற்று.

பாட்டின் முடிவில் கவிஞரே அந்த ஆத்மாக்களிடம் சொல்கிறார், எங்களிடம் என்ன இருக்கிறது, ஒரு கிண்ணம் கஞ்சியும் ஒரு ஊதுபத்தியும்தான் என்று. பா அரிசியையும் உப்பையும் நாலாபக்கமும் வீசினார். ஊதுபத்தி எரிந்து முடியும்வரை உட்கார்ந்திருந்தோம்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் பச்சைத் தேயிலைக் கஷாயமும் கூ டோவும் வாங்கித் தந்தார். இரண்டு அரிசி அப்பளத்துக்கு நடுவே வெல்லப்பாகும் வேர்க்கடலையும் வைத்த அந்த ஊர்த் தின்பண்டம். அதை உடைத்துப் பெரிய துண்டாக என்னிடம் கொடுத்துவிட்டுப் பா சொன்னார்:

"அடுத்த வருஷம் ஒரு இலைக்கு மட்டும் கொஞ்சம் வெல்லம் போட்டு எடுத்துட்டு வருவோம், கோன். குழந்தைக்குத் தித்திப்புதான் பிடிக்கும்."