டிபிஎம் டிரைவரின் ஏழரை வினாடி

இராணிப்பேட்டை சிப்காட் ஆலைகளில் கழிவுநீர் அளவீடுகளைச் சேகரித்து அனுப்பும் சிறு கணினிப் பெட்டிகளுக்கான லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை), காட்பாடியில் இருந்தபடி நாங்கள் பராமரித்து வருகிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் மறைகுறியீட்டுச் சாவிகளைக் காக்க டிபிஎம் 1.2 வகைச் சிப் ஒன்று உண்டு. மின்தடைக்குப் பிறகு சில பெட்டிகள் மட்டும் தாமதமாக எழுவதாகப் புகார் வந்தது. கெர்னல் லாகை, அதாவது அதன் நிகழ்வுப் பதிவைப் பார்த்தபோது, சிப் பதில் தராத பெட்டிகளில் எல்லாம், சிப்புடன் பேசும் நிரலான டிரைவர் ஏழரை வினாடி காத்து நின்றுவிட்டுப் பிழை சொல்லி விலகியிருந்தது.

ஏழரை என்றதும் அலுவலகத்தில் சனிப்பெயர்ச்சிக் கேலி கிளம்பியது. ஆனால் வழிகாட்டியதும் அந்த எண்தான். சிப்பின் முதல் டைம்அவுட்டுக்கு, அதாவது பதிலுக்காக டிரைவர் காத்திருக்கும் உச்ச நேரத்துக்கு, தரநிலை வகுத்த இயல்பு மதிப்பு 750 மில்லிவினாடி. நாங்கள் கண்டது அதன் சரியான பத்து மடங்கு. எங்கள் பழைய கெர்னலில் டிரைவர் அந்த 750-ஐ அலகு மாற்றாமல் அப்படியே ஜிஃபிக் கணக்கில் வைத்திருந்தது. ஜிஃபி என்பது கெர்னல் கடிகாரத்தின் ஒரு டிக். வினாடிக்கு 100 டிக் என்று அமைத்த கெர்னலில் ஒரு ஜிஃபி 10 மில்லிவினாடி ஆகையால், 750 என்பது ஏழரை வினாடியாகவும், இன்னொரு டைம்அவுட்டின் 2000 என்பது 20 வினாடியாகவும் நீண்டிருந்தன. வினாடிக்கு 1000 டிக் உள்ள கெர்னலில் இரு அலகுகளும் ஒன்றாகிவிடுவதால் அங்கே இந்தப் பிழை தலைகாட்டாது. நல்ல சிப் உடனே பதில் தந்துவிடும். அதன் பின் டிரைவர் சிப்பிடமே கேட்டுப் பெறும் மதிப்புகள் இயல்பு மதிப்புகளின் இடத்தைப் பிடித்துவிடும். ஆகவே பழுதான சிப்பும் 100 டிக் கெர்னலும் ஒன்றுசேர்ந்தால்தான் இந்த ஏழரை வினாடித் தாமதம் வெளிப்படும்.

750-ஐ 75 ஆக்கிவிடலாம் என்றார் உடன் பணிபுரியும் நண்பர். எங்கள் பெட்டிக்கு அது பொருந்தும். ஆனால் அதே நிரலை 1000 டிக் கெர்னலில் ஏற்றினால் காத்திருப்பு 75 மில்லிவினாடியாகச் சுருங்கி, மெதுவாக விழிக்கும் நல்ல சிப்பையும் டிரைவர் கைவிட்டுவிடக்கூடும். எண்ணைத் தொடாமல், மில்லிவினாடியை ஜிஃபியாக மாற்றும் கெர்னல் செயற்கூற்றின் வழியாக அதை அனுப்புவதே முறை என்று முடிவு செய்தோம். பேட்ச் எனும் அந்த நிரல் திருத்தம் சில வரிகளே.

பதில் தராத சிப் உள்ள பலகை ஒன்றை வைத்துக்கொண்டு 100, 250, 1000 என மூன்று அமைப்புகளிலும் கெர்னலைக் கட்டிப் பார்த்தோம். மூன்றிலும் இடைவெளி முக்கால் வினாடிதான். சிப் தானே அறிவிக்கும் மதிப்புகள் மைக்ரோவினாடியில் வருபவை. அவற்றை மாற்றும் பகுதி முன்பே சரியாக இருந்ததால் அதை நாங்கள் தொடவில்லை. அந்தச் சிப்புகள் ஏன் வாய் திறக்கவில்லை என்பதை இப்போது வன்பொருள் பிரிவினர் ஆராய்ந்து வருகின்றனர்.