அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் சொல்லிவிட்டேன்

எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வதென்று முடிவெடுத்துவிட்டேன். "வாயைக் கட்டினால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: பல வருடம் கட்டிப் பார்த்தாயிற்று. எடை இறங்கும்போது உடம்பே பசியைக் கூட்டிவிடுகிறது. இதை மனவுறுதிக் குறைவு என்று யாரும் சொல்லாதீர்கள்.

எனக்குச் செய்யப்போவது ஸ்லீவ் என்ற வகை அறுவை சிகிச்சை. இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அதிகம் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடும். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு யோசித்தேன். நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு ஸ்லீவ் அதைக் கூட்டலாம், எண்டோஸ்கோபி பார்த்த பிறகே எனக்கு இது சரி என்றார் மருத்துவர்.

இப்போது கல்லீரலைச் சுருக்கும் உணவுமுறை. மாவுச்சத்து குறைவு, புரதம் அதிகம். கொழுப்பேறிய கல்லீரல் இரைப்பையை மறைக்கும். அது சுருங்கினால்தான் லேப்ராஸ்கோப்பிக்கு, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவைக்கு, இடம் கிடைக்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிப்பதையும் நிறுத்திப் பழகுகிறேன். இதுதான் ரொம்பக் கஷ்டம், கை தானாக டம்ளரைத் தேடுகிறது.

அப்புறம், வாழ்நாள் முழுக்க பி12, இரும்பு, கால்சியம் மாத்திரைகளும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. யோசித்துக்கொண்டிருப்பவர்கள் இதை முதலிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். என்னிடம் பேச வேண்டுமென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள்.