கப்பல் புகையும் நம் கடலும்

கன்னியாகுமரி முனைக்குத் தெற்கே கொழும்புக்கும் அரபிக்கடலுக்கும் இடையில் ஓடும் சரக்குக் கப்பல்களை, தூத்தூர், குளச்சல் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் மோதல் பயத்தோடுதான் பார்க்கிறார்கள். அவற்றின் புகையைப் பற்றி அதிகம் பேச்சு வருவதில்லை. ஆனால் காற்று மாசைக் குறைக்க உலக நாடுகள் கூடி எடுத்த முடிவுகளில், ஓசோன் படலத்தைக் காக்கப் போட்ட மான்ட்ரியல் உடன்படிக்கைக்கு அடுத்தபடியாக உருப்படியாக நடந்தது கப்பல் புகை விஷயத்தில்தான் என்பது என் எண்ணம்.

கப்பல்கள் எரிப்பது, கச்சா எண்ணெயிலிருந்து பெட்ரோலும் டீசலும் வடித்தெடுத்த பிறகு அடியில் மிஞ்சும் கறுப்பு எண்ணெய்; சூடாக்கினால்தான் குழாயில் ஓடும். புகையை நச்சாக்குவது அதிலுள்ள கந்தகம். 2019 முடியும்வரை அதில் 3.5 விழுக்காடு வரை கந்தகம் இருக்கலாம் என்பது விதி. இன்று நம் ஊர் பங்க்கில் கிடைக்கும் டீசலுக்கான வரம்பைப்போல் அது 3,500 மடங்கு.

பனாமா கொடி, கிரேக்க முதலாளி, நம் மாவட்டத்துப் பையன்கள் வேலை பார்க்கும் இயந்திர அறை என்று இருக்கும் ஒரு கப்பலை எந்த ஒரு நாடும் தனியாகக் கட்டுப்படுத்த முடியாது; ஒரு துறைமுகம் கெடுபிடி செய்தால் அடுத்த துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பிக்கொள்ளும். அதனால்தான் லண்டனில் இருக்கும் சர்வதேசக் கடல்சார் அமைப்பின் வழியாக 1997-இல் ஓர் ஒப்பந்தம் உருவாகி, 2005-இல் நடைமுறைக்கு வந்து, 2020 ஜனவரி 1 முதல் கந்தக வரம்பு 0.5 விழுக்காடாக இறங்கியது. மெதுவான வேலைதான், மறுக்கவில்லை.

இதில் எனக்குப் பிடித்தது சோதனை முறை. எண்ணெய் நிரப்பும்போதே மாதிரி எடுத்து, புட்டியில் அடைத்து முத்திரையிட்டு, குறைந்தது 12 மாதம் கப்பலிலேயே வைத்திருக்க வேண்டும். கப்பல் எந்த நாட்டுக் கொடியுடன் வந்தாலும், அது நுழையும் துறைமுகத்தின் அதிகாரி கேட்கலாம்.

ஓட்டையும் உண்டு. புகையிலிருந்து கந்தகத்தைக் கழுவி எடுக்கும் 'ஸ்க்ரப்பர்' கருவியைப் புகைபோக்கியில் பொருத்திய கப்பல் பழைய எண்ணெயையே எரிக்கலாம். பலவற்றில் கடல்நீரை உறிஞ்சிப் புகையைக் கழுவி, அமிலமும் கன உலோகங்களும் கலந்த அந்தத் தண்ணீரைக் கடலிலேயே கொட்டுகிறார்கள். சிங்கப்பூர் தன் துறைமுகத்தில் 2020-லேயே இதைத் தடை செய்துவிட்டது. நம்மவர்கள் வலை போடும் ஆழ்கடலில் அப்படித் தடை எதுவும் இல்லை. இனி லண்டனில் கூடும்போது இந்தியப் பிரதிநிதிகள் முதலில் எழுப்பவேண்டியது இந்தக் கழுவுநீர்ப் பிரச்சினையைத்தான்.