சய 172 வினாடி

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் மாமாவுக்கு ஒரு நெல் ஆலை இருக்கிறது. தராசுத் துண்டுகளும் காசு கொடுத்த கணக்கும் ஒத்துவருகிறதா என்று பார்க்க, பைதன் என்ற கணினி மொழியில் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். நாலைந்து வருடத்துத் துண்டுகள் சேர்ந்து இரண்டு பக்கமும் 40,000 வரி ஆனதும் அது இழுக்கத் தொடங்கிவிட்டது. "என்ன மனே, உன்ட மெசினுக்கும் ஒரு தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டார் மாமா.

சரி, திருத்துவதற்கு முதல் அளந்து பார்ப்போம் என்று நினைத்தேன். அளப்பதுதான் பெரிய பாடாகிவிட்டது.

தொடக்கத்தில் ஒரு தடவை, முடிவில் ஒரு தடவை நேரத்தை எடுத்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தேன். அதற்கு டைம் மொடியூலில் உள்ள டைம் என்ற கட்டளையைத்தான் போட்டேன். எல்லோரும் முதலில் போடுவது அதுதானே. 41, 43 என்று வந்துகொண்டிருந்த விடை, மூன்றாம் தடவை சய 172, அதாவது -172 என்று வந்தது. ஓடத் தொடங்க முந்தியே முடிந்துவிட்டதாம்!

அரை மணித்தியாலம் குறியீட்டுக்குள் பிழை தேடினேன். பிழை சுவரில் தொங்கியது. என் பழைய லெப்டொப்பில் மணிக்கூட்டுப் பற்றரி செத்துப்போனதால், காலையில் ஆலைச் சுவர்மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை வைத்திருந்தேன். அதுவோ மூன்றரை நிமிடம் முந்தி ஓடுகிற மணிக்கூடு. புரோகிராம் ஓடும்போது போன் ஹொட்ஸ்பொட்டைப் போட்டேன், லெப்டொப் இணையத்தைக் கேட்டுத் தன் நேரத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. டைம் கட்டளை காட்டுவது அந்த மணிக்கூட்டைத்தான். இடைவெளி அளக்க பெர்ஃப்_கவுண்டர் என்று வேறொன்று பைதன் 3.3 முதல் இருக்கிறது. இப்போது மணி எத்தனை என்று அதற்குத் தெரியாது, ஆனால் பின்னுக்கும் போகாது.

அதை மாற்றிப் போட்டேன். 41.2, 43.8, 41.0. அப்புறம் கரண்ட் போனது. பற்றரியில் ஓடவிட்டால் 63! மின்சாரத்தை மிச்சம் பிடிக்க லெப்டொப் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. பிரவுசரை மூடாமல் விட்டாலும் கூடும். சராசரி எடுக்கலாமா என்று யோசித்து விட்டுவிட்டேன். இந்தத் தொந்தரவுகளெல்லாம் நேரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது. ஆகவே கிடைத்ததில் ஆகக் குறைந்த 41.0 ஐயே வைத்துக்கொண்டேன்.

இடையில் ஒரு மடத்தனமும் செய்தேன். ஒரே வேலையைப் பல தடவை ஓட்டி நேரம் அளக்கும் டைமிட் நல்லது என்று கேள்விப்பட்டு முழு வேலையையும் அதனிடம் கொடுத்தேன். எத்தனை தடவை என்று சொல்லாவிட்டால் அது 10 லட்சம் தடவை ஓட்டும். 41 வினாடியை 10 லட்சத்தால் பெருக்கினால் 474 நாள். அது சின்னச் சின்ன வரிகளை அளப்பதற்கு.

கடைசியில், புரோகிராமின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் சி-புரொஃபைலைப் போட்டேன். கோப்பு வாசிப்பதில்தான் நேரம் போகிறது என்று சத்தியம் செய்திருப்பேன். அதற்கு ஒரு வினாடிகூடப் போகவில்லை. கிட்டத்தட்ட முழு நேரத்தையும் விழுங்கியது, துண்டு இலக்கம் காசுக் கணக்கில் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன். 40,000 தடவை கூப்பிடப்பட்டு, ஒவ்வொரு தடவையும் லிஸ்டை முதலிலிருந்து துழாவியது. பாதித் தூரத்தில் கிடைக்கிறது என்று வைத்தாலும் 80 கோடி ஒப்பீடு. லிஸ்டை செட் ஆக மாற்றினேன், ஒரே ஒரு வரி. செட் முதலிலிருந்து துழாவாமல் நேரே இடத்தைப் போய்ப் பார்க்கும். 0.4 வினாடி.

மாமாவைக் கூப்பிட்டு என்டரைத் தட்டினேன். திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஓடின மாதிரியே தெரியல்லையே மனே. திரும்பப் போடு."

திரும்பப் போட்டேன். அவர் துண்டுக் கட்டை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பத்து வரியைக் கையால் சரிபார்க்க உட்கார்ந்துவிட்டார்.